இன்டர்நெட் உண்டு, வீடு கிடையாது

எங்கள் குடும்பத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். "கம்ப்யூட்டர்ல யாரு உள்ளே வரலாம், யாரு வரக் கூடாதுன்னு பாத்துக்கறா." கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். வாட்ச்மேன் உத்தியோகத்துக்கு இந்தப் பெண் ஏன் இவ்வளவு படித்தாள் என்ற கவலை அவர் முகத்தில் தெரியும்.

அம்மா சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. தி. நகரில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறேன். என் நாளில் பெரும்பகுதி ஃபயர்வாலோடு போகிறது. பெயரைக் கேட்டால் ஏதோ நெருப்புச் சுவர் என்று தோன்றும். உண்மையில் அது வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிடிவாதக்காரர். அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த விதிகள் இருக்கும். வருகிறவரைப் பார்த்ததும் மேலிருந்து படித்துக்கொண்டு வருவார். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதன்படி நடப்பார். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

வெளியிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு விபிஎன் கொடுப்பேன். அவர்கள் எங்கே இருந்தாலும் அலுவலகம் வரை ஒரு சுரங்கப்பாதை. அதற்குள் நுழைந்து எங்கள் இன்டர்நெட் வழியாக உலகத்துக்குப் போய்வரலாம். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர்கள், பிரின்டர், கணக்கு அறை, எதையும் தொட முடியாது. முதலாளியின் மருமகன் ஒரு முறை, "பிரின்டர் மட்டும் குடுங்க மேடம்" என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குக் கல்நெஞ்சக்காரி என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அடையாறில், சாஸ்திரி நகரில், ஒரு மாடி ஃப்ளாட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மா பூகோளம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரே அண்ணன் மெல்பர்னில். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான். அப்பா போன பிறகு வாரத்துக்கு நாலு தடவை போன் செய்கிறான். அதில் மூன்று தடவை அம்மா சாப்பிட்டாளா என்று கேட்பான். நாலாவது தடவை அவனுக்கு ஏதாவது வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு நாலாவது தடவையில்தான் இது ஆரம்பித்தது.

"பாப்பா, இங்கிருந்து நம்ம ஊர் வெப்சைட் பாதி திறக்கவே மாட்டேங்குது. பேங்க்குக்குள்ள போனா என்னைத் திருடன் மாதிரி பாக்குது. நம்ம வீட்டு வழியா போற மாதிரி ஏதாவது பண்ணிக் குடேன்."

எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. இன்னும் பாப்பாதான். இருந்தாலும் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தோடு ரவுட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். மெல்பர்னில் அவன் லேப்டாப்பிலிருந்தும் போனிலிருந்தும் எங்கள் ஹாலில் இருக்கும் பெட்டி வரை ஒரு சுரங்கம். அந்தப் பக்கம் நுழைந்தால் இந்தப் பக்கம் அடையாறில் தலையை நீட்டுவான். உலகத்திலுள்ள எல்லா வெப்சைட்டும் அவன் சாஸ்திரி நகரில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பதாக நம்பிவிடும்.

அலுவலகமாக இருந்தால் இரண்டு வரி எழுதியிருப்பேன். முதல் வரி: சுரங்கத்தில் வருகிறவர் உள்ளே இருக்கும் எதையும் தொடக் கூடாது. இரண்டாவது வரி: வெளியே எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்த வரிசையும் முக்கியம். மாற்றிப் போட்டால், 'எங்கே வேண்டுமானாலும்' என்பதிலேயே வீடும் அடங்கிவிடும்; பிடிவாதக்காரர் அடுத்த வரியைப் படிக்கவே மாட்டார்.

ஆனால் வருவது என் அண்ணன். வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு வேலி என்று நினைத்து ஒரே வரி எழுதினேன். எல்லாவற்றுக்கும் அனுமதி. மருமகனுக்குப் பிரின்டர் தராத கல்நெஞ்சக்காரி, வீடு முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு மத்தியானம் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி மாமியாரிடம் உண்மையைச் சொல்ல வாய் திறந்த நேரம், டிவியில் கிரிக்கெட் வந்துவிட்டது. அம்மா ரிமோட்டை அழுத்திச் சீரியலைக் கொண்டுவந்தாள். மறுபடி கிரிக்கெட். அங்கே மெல்பர்னில் அண்ணன் தன் டிவிக்கு மேட்சை அனுப்புவதாக நினைத்து எங்கள் டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டிலும் டிவியின் பெயர் 'ஹால் டிவி'. அம்மா எனக்கு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"உங்க அண்ணன் வந்திருக்கான்டி" என்றாள். குரலில் சந்தோஷம் வழிந்தது.

இன்னொரு நாள் எங்கள் பிரின்டர் தானாக முழித்துக்கொண்டு ஒரு தாளைத் துப்பியது. மெல்பர்னில் அவன் தெருவில் எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்ற குப்பை அறிவிப்பு. அம்மா அதை ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு பல நாள், எங்கள் தெருவில் குப்பை வண்டி வராதபோதெல்லாம், "அங்க பாரு, பழத்தோலுக்குத் தனித் தொட்டி" என்று மெல்பர்னை இழுத்து வந்து கார்ப்பரேஷனைத் திட்டினாள்.

பிறகு கேமரா.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் தி. நகரிலும் அவன் மெல்பர்னிலும் இருக்கும்போது விழுந்தால் என்ன செய்வது என்று அண்ணன் ஒரு கேமரா வாங்கி அனுப்பினான். பேசவும் கேட்கவும் கூடிய வகை. ஹாலில் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், அதே அலமாரியில் வைத்தோம். அங்கிருந்துதான் முழு ஹாலும் தெரியும். கேமரா வெளி உலகத்தோடு பேசக் கூடாது என்று முதல் நாளே தடுத்துவிட்டேன். இந்த மாதிரிப் பொருள்கள் யாருக்கு என்ன சொல்லும் என்று நம்ப முடியாது. வீட்டுக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். எனக்கென்று ஒரு சுரங்கம் இருந்ததால் அலுவலகத்திலிருந்து நான் பார்ப்பேன். இப்போது என் தயவில் அண்ணனும் வீட்டுக்குள் இருப்பவனாகிவிட்டான்.

அவன் அதைத் தன் இரண்டாவது திரையின் ஓரத்தில் நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்தான். எங்களுக்கு அது தெரியாது.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் மீன்காரம்மா கடற்கரையோரம் ஊரூர் குப்பத்திலிருந்து வருவார். வாரத்தில் பாதி நாள் அவர் கூடை எங்கள் வீட்டில்தான் முதலில் இறங்கும். ஹாலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, மீனை ஆய்ந்து கொடுத்து, டீ குடித்துவிட்டுத்தான் போவார். அம்மாவைவிடப் பத்து வயதாவது இளையவர். இருவரும் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தபோது ஒரு துண்டு மட்டும் காதில் விழுந்தது. "பொண்ணு நல்லாத்தான் கீது டீச்சரம்மா. அந்த வாய்தான். அத்தக் கேட்டா எவன் கட்டுவான்?" அம்மா அதை மறுக்காமல் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் காய்ச்சல் வந்தாலும் அலுவலகம் போய்விடுவது வழக்கமாயிற்று.

ஒரு நாள் நடந்ததை நான் இரண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். மீன்காரம்மா வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார். அம்மா கையில் எடுத்துப் பார்த்தாள். அப்போது இருதய ஆண்டவர் இருக்கும் அலமாரியிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"செவுளைத் தூக்கிப் பாரு மம்மி. ஐஸ் மீன் மாதிரி இருக்கு."

மீன்காரம்மா ஆண்டவர் படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அவரும் எங்கள் கோயில்தான். ஆனால் கை நெற்றியிலிருந்து மார்புக்கு வருவதற்குள் புத்தி வேலை செய்துவிட்டது.

"ஆண்டவரு மீன்காரங்களோட திரிஞ்சவரு. அவரு மீன்ல குத்தம் சொல்ல மாட்டாரு. யாரு டீச்சரம்மா அது?"

அம்மா கேமராவைக் காட்டினாள். பையன், வெளிநாட்டில், கம்ப்யூட்டரில் என்று ஏதோ சொன்னாள். அண்ணன் வேறு, தன் பங்குக்கு, "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தான். அவன் மரியாதை தெரிந்த பிள்ளை. எந்த நேரத்தில் மரியாதை காட்டக் கூடாது என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

மீன்காரம்மா கேமராவைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளா நாம பேசிக்கினு இருந்ததெல்லாம் அந்த நைனாவுக்குக் கேட்டுக்கினுதான் இருந்துதா?"

அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மீன்காரம்மா மீனை ஆய்ந்து வைத்தார். டீ வேண்டாம் என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகும் வந்தார். ஆனால் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் நின்றபடி மீனைக் கொடுத்துவிட்டு, "டைம் ஆவுது டீச்சரம்மா" என்று கிளம்பிவிடுவார். ஆய்ந்து தருவதும் நின்றது. எழுபதைக் கடந்த அம்மா குனிந்து உட்கார்ந்து சங்கரா மீனின் செதில்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். செதில் அடுப்படி முழுக்கப் பறந்தது. நான் உதவிக்குப் போனால், "நீ போய் யாரையாவது உள்ளே விடு" என்றாள்.

ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில், அம்மா பேச்சை எடுத்தாள். வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள்.

"அவன் உங்கிட்ட என்ன கேட்டான்?"

"இன்டர்நெட்."

"இன்டர்நெட் குடு. வேணாம்னு சொல்லலை. என் வீட்டை எதுக்குடி குடுத்தே?"

"அண்ணன்தானே மம்மி."

"அண்ணன்தான். எம்புள்ளைதான். அவ ஒருத்திகிட்டதான் நான் யாருக்கும் அம்மாவா இல்லாம பேசிக்கிட்டிருந்தேன். இப்ப அவளும் படிக்கட்டுல நிக்கறா."

தட்டைத் தள்ளி வைத்தேன். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"நீ கீழே விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"விழுந்தா கத்தறேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது இருக்கு. எங்கிட்ட போன் இருக்கு. முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினவ நான்."

"சரி. அண்ணனுக்கு அடைச்சிடறேன்."

"உனக்கும்தான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். என்னை ஏன் இதில் சேர்க்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன மீனைப் பற்றியா பேசினேன்? மத்தியானம் ஒரு தடவை, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, அவள் சோபாவில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொள்வேன். அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

"அந்த மருமகப் புள்ளைக்குப் பிரின்டர் குடுத்தியா நீ?" என்றாள்.

என் கதைகளை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றே எழுதினேன். முதல் வரி: சுரங்கத்தில் வருகிறவர் வீட்டுக்குள் எதையும் தொடக் கூடாது. இரண்டாவது வரி: வெளியே எங்கே வேண்டுமானாலும் போகலாம். அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து. அலுவலகத்தில் ஆயிரம் தடவை எழுதிய வரிகள்தான். ஆனால் என் சொந்த போனைத் தடுக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, எதுவுமே திறக்கலை. பேங்கும் இல்லை, மேட்சும் இல்லை. லைன்ல இருக்கேன்னு காட்டுது, ஆனா ஒண்ணும் வரலை."

கோபத்தில் எழுதிய விதி இப்படித்தான் இருக்கும். வெப்சைட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் அதன் விலாசத்தை யாரிடமாவது கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் விலாசம் சொல்வது அதே ரவுட்டர்தான். அதுவும் வீட்டுக்குள் இருக்கும் பொருள்தானே? எதையும் தொடாதே என்றதும் விலாசம் கேட்கும் வாசலும் சேர்ந்து மூடிவிட்டது. ஊரெல்லாம் சுற்றலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு வழி கேட்கக் கூடாது என்று தடுத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் செய்யும் தவறு. அலுவலகத்தில் யாராவது செய்திருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வாசல்ல நின்னு வழி கேட்டா சொல்லணும்டி. அது கூடவா தெரியாது உனக்கு?" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்த்தேன்: ரவுட்டரிடம் விலாசம் மட்டும் கேட்கலாம், வேறெதுவும் பேசக் கூடாது.

"இப்ப வருது" என்றான் அண்ணன். பிறகு கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். "கேமரா மட்டும் வரலையே?"

"அது வராது. மம்மி வேணாம்ங்கறா. எனக்கும் கிடையாது."

சண்டை போடுவான் என்று தயாராக இருந்தேன். கேமராவை வாங்கியதே நான்தானே என்பான், அம்மா விழுந்தால் நீ பொறுப்பா என்பான், இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"மீன்காரம்மா விஷயமா?"

"ஆமா."

"ஓகே பாப்பா" என்று வைத்துவிட்டான். அந்த 'ஓகே' எனக்குப் பிடிக்கவில்லை. அவன் திட்டியிருந்தால் அன்று நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மீன்காரம்மாவை உள்ளே கொண்டுவருவது ரூல் எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அடைத்துவிட்டோம் என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கேமரா அதே இடத்தில், அதே கண்ணோடு, ஆண்டவருக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் நானே படிக்கட்டுக்குப் போய், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி செய்திருக்கிறேன் என்று விளக்கினேன். ரவுட்டர், சுரங்கம் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் உட்டுடும்மா. உங்க அண்ணனுக்குப் போன் போடு. இப்ப அவரு அதுல பேசட்டும், பாக்கலாம்."

போன் போட்டேன். அண்ணன் மெல்பர்னில் முயன்று பார்த்தான். மீன்காரம்மா கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து கேமராவுக்கு நேரே நின்றார். இடுப்பில் கை.

"நைனா, கேக்குதா?"

சத்தம் இல்லை.

"நான் கொண்டாறது ஐஸ் மீனா?"

அதற்கும் சத்தம் இல்லை. என் கையிலிருந்த போனில் மட்டும் அண்ணன், "எனக்கு ஒண்ணும் தெரியலை, அங்க என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மீன்காரம்மா திரும்பிப் போய்க் கூடையைத் தூக்கி வந்து ஹாலில் இறக்கினார். "டீ போடு டீச்சரம்மா" என்றார். அம்மா சமையலறைக்கு ஓடினாள். வழுக்கி விழுந்த பிறகு அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

பிறகு சில மாதங்கள் போயின. நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அண்ணன் போனில் பேசும் நேரம் நீண்டுவிட்டது. முன்பு அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கேட்க ஒன்றுமில்லை. இப்போது என்ன சமையல், யார் வந்தார்கள், முழங்கால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. அம்மாவும் கேட்கிற ஆள் கிடைத்த குஷியில் அளந்துவிட்டாள். காலையில் கையளவு இருந்த சங்கரா, போனில் முழங்கையளவு ஆகிவிடும். நான் பக்கத்திலிருந்து கையைச் சுருக்கிக் காட்டினால் முறைப்பாள்.

என் நிலைமை வேறு. மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் கை போனுக்குப் போகும். பார்க்க முடியாது. கூப்பிட்டால், "நல்லாத்தான்டி இருக்கேன், வை" என்பாள். பயமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அவள் குரலில் முன்பு இல்லாத ஒரு தெம்பு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வந்தான். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை, அவன் மட்டும். வந்து இறங்கி, குளித்து, அம்மா வைத்த மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஹாலில் சோபாவில் சாய்ந்தான். அவர்கள் வாங்கியிருக்கும் புது வீட்டின் படங்களை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றான். போனில் காட்டினால் அவளுக்குத் தெரியாது. டிவியில் போடலாம் என்று போனைத் தட்டினான். மறுபடி தட்டினான். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று தட்டினான்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"டிவி தெரியலை மம்மி." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டபோது சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "என்ன பாப்பா, நேர்ல வந்தும் எனக்கு ரூல் இருக்கா?"

போனை வாங்கிப் பார்த்தேன். மேலே மூலையில் சாவி மாதிரி ஒரு சின்னம். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் எங்கள் சோபாவில் இருக்கிறான். அவன் போனோ எங்கள் வைஃபையிலேயே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் வாசலுக்கே வெளியாளாக வந்து தட்டிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்தில் வருகிறவர் எதையும் தொடக் கூடாது. பிடிவாதக்காரர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆஃப் பண்ண மறந்துட்டே. ரவுட்டர்லயும் பாத்தேன், மாசக்கணக்கா உன் லைன் ஓடிக்கிட்டே இருக்கு. அது பேங்க்குக்குப் போறப்ப மட்டும் போட்டா போதும். எப்பவும் சோம்பேறிதான் நீ."

"மறக்கலை" என்றான்.

நான் சிரிப்பதை நிறுத்தவில்லை. அவன் என்ன சொன்னான் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"கேமரா போனப்புறம் அதை ஆஃப் பண்ணவே இல்லை. அதுல உங்களைப் பாக்க முடியாதுன்னு தெரியும். ஆனா லேப்டாப்பைத் திறந்தா அடையாறுல மழைன்னு சொல்லும். விளம்பரம் எல்லாம் பாண்டி பஜார் புடவைக் கடையா வரும். இன்னிக்குத் தண்ணி லாரி வேணுமான்னு கேக்கும். ஆஃப் பண்ணா உடனே மெல்பர்ன் ஆயிடும்." பிறகு, "எனக்கு அங்க பேச யாருமில்லாத மாதிரி நினைச்சுக்காதீங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

நல்லாத்தான் இருக்கேன். அம்மா மத்தியானத்தில் என்னிடம் சொல்லும் அதே வார்த்தை. விளம்பரங்களைத் தடுப்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். புடவைக் கடை விளம்பரத்துக்காக ஒருவன் அதைத் திறந்தே வைத்திருப்பான் என்று நான் நினைத்ததே இல்லை.

அம்மா எழுந்து வந்தாள். "குடு இப்படி" என்று போனை என் கையிலிருந்து வாங்கினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எதைத் தொடணும்?" என்றாள். காட்டினேன். அவளே அழுத்தினாள். சாவி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் பெயர்கள் வந்தன. ஹால் டிவி. பிரின்டர். கேமரா.

"எல்லாம் தெரியுது" என்றான் அண்ணன்.

"தெரியட்டும். வந்துட்டே இல்ல?"

புது வீட்டின் படங்கள் டிவியில் ஓடின. அம்மா ஜன்னல் எந்தத் திசை, அங்கே வெயில் எந்தப் பக்கம் விழும் என்று விடாமல் கேட்டாள். அடுப்படியை இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னாள். எங்கள் ஹாலில் மீன்காரம்மா டீ குடித்தது வரை அவனுக்குத் தெரியும். அவன் அடுப்படியை நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

படங்கள் முடிந்ததும் அவன் அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"நான் திரும்பிப் போனப்புறம் மறுபடி ரூல்தானா மம்மி?"

அவள் மனம் மாறிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். கேமராவை மட்டுமாவது திறந்துவிடச் சொல்வாள், நானும் சந்தோஷமாகத் திறப்பேன். எனக்கும் சேர்த்து.

"ரூல்தான்" என்றாள் அம்மா. "எனக்கு நீ முழுசா வேணும்டா. உன் கண்ணு மட்டும் வந்து என் வீட்ல என்ன பண்ணப் போகுது?"

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.